அவதாரம் அணியும் ஆடை

மனிதன் எதற்காகப் பொருள் செலவிடுகிறான் என்பதைக் கவனித்தால், அவன் தன்னை யாரென்று எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பது ஓரளவு விளங்கிவிடும். பசிக்கு உணவு, வெயிலுக்குக் குடை, பிள்ளையின் படிப்புக்குக் கட்டணம் ஆகியவற்றில் மர்மம் ஏதுமில்லை. ஆனால் உடலில் உடுத்த இயலாத, கையால் தொடவும் இயலாத ஓர் ஆடைக்கு ஒருவன் தன் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருகிறான். தர இயலாத மாதத்தில் உள்ளம் வெதும்புகிறான். அந்த ஆடை யாருக்காக? வேதாந்தம் பயில்வோர் அற்பமென்று தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது.

கொச்சி நகரின் கிழக்குப் பகுதியான காக்கநாட்டை எடுத்துக்கொள்ளலாம். எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள இடம் அது. 2004-ஆம் ஆண்டில் இன்ஃபோபார்க் அங்கே தொடங்கியது. 2016-இல் ஸ்மார்ட் சிட்டியின் முதற்கட்டம் திறக்கப்பட்டது. கேரளத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் கணினிப் பணிக்காக வந்த இளைஞர்கள் அங்குள்ள விடுதிகளிலும் அடுக்ககங்களிலும் தங்கியிருக்கிறார்கள். பகல் முழுவதும் அவர்கள் கண்முன் இருப்பது ஒரு திரை. இரவில் இளைப்பாறுவதற்கும் பெரும்பாலும் இன்னொரு திரையே. நான்கு ஊர்களில் இருக்கும் நான்கு நண்பர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து கைப்பேசியில் போர் விளையாட்டு ஆடுவது இத்தகைய ஊர்களில் சாதாரண நிகழ்ச்சி. விளையாட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு கடை இருக்கிறது.

அந்தக் கடையில் விற்பவை வேடிக்கையான பொருட்கள். ஒரு மேலங்கி, துப்பாக்கியின் மேல் படரும் தீப்பிழம்பு போன்ற ஓவியம், எதிரியை வீழ்த்தியதும் ஆடிக் காட்டும் ஒரு நடன அசைவு. இவற்றை வாங்கியவனின் குண்டு வேகமாகப் பாய்வதில்லை. அவன் ஓட்டமும் மற்றவரைவிட விரைவாவதில்லை. தோற்றம் மட்டுமே மாறும். விளையாடுவோர் இவற்றை ‘ஸ்கின்’ என்றே அழைக்கிறார்கள். தோல் என்பது அதன் பொருள். உடலை உறை என்று வருணித்து, உறைக்குள் உறையாக ஐந்து கோசங்களைச் சொல்லும் மரபில் வந்தவர்களுக்கு இப்பெயர் சற்றுப் புன்னகையை வரவழைக்கும்.

விளையாடுவோரிடையே இன்று பரவலாகக் கேட்கும் முறையீடு இந்தத் தோல்களின் விலையைப் பற்றியதே. ‘ஒரு முழு விளையாட்டையே வாங்கிவிடக்கூடிய பணத்தை ஒரு சட்டைக்குக் கேட்கிறார்களே’ என்பது அவர்கள் ஆதங்கம். பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. “இல்லாத சட்டைக்கு ஏனப்பா பணம்?” என்று கேட்டுவிட்டு நகர்கிறார்கள். பிள்ளையின் முகம் வாடுகிறது. இருவர் பக்கமும் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது.

இந்த வாணிபம் தொடங்கிய கதையில் ஒரு பாடம் உண்டு. 2006 ஏப்ரலில், ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்ற வரிசையின் நான்காவது விளையாட்டான ‘ஒப்லிவியன்’ ஆடியவர்களுக்கு, குதிரைக்கு அணிவிக்கும் கவசம் ஒன்று இரண்டரை டாலருக்கு விற்கப்பட்டது. அன்றைய மதிப்பில் நூறு ரூபாயைச் சற்றே தாண்டும் தொகை. ஆட்டத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லாததால் விளையாடுவோர் அதை ஏளனம் செய்தார்கள். நெடுங்காலம் அது நகைப்புக்குரிய சொல்லாகவே வழங்கியது. அந்த விளையாட்டு தனி ஒருவர் ஆடுவது. குதிரை எவ்வளவு மின்னினாலும் பார்ப்பதற்கு இன்னொருவர் இல்லை. 2009-இல் ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ என்ற விளையாட்டில் தொப்பிகள் வந்தன. இது பலர் கூடி ஆடுவது. ஒருவன் தலையில் இருக்கும் தொப்பியை எல்லோரும் பார்ப்பார்கள். 2011-இல் அந்த விளையாட்டே இலவசமாகிவிட்டது. உள்ளிருந்த கடை அதைத் தாங்கிக்கொண்டது. 2013 ஆகஸ்டில் ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ விளையாட்டுக்குள் துப்பாக்கித் தோல்கள் வந்தன. 2017-க்குப் பின் ‘ஃபோர்ட்நைட்’ உலகெங்கும் பரவியபோது, அதன் வருவாயில் பெரும்பகுதி இத்தகைய அலங்காரங்களிலிருந்தே வந்தது.

குதிரைக் கவசத்தை நகைத்த அதே உலகம் தொப்பிக்குப் பணம் கொடுத்தது. இடையில் மாறியது என்ன? பொருள் மாறவில்லை. பார்ப்பவர் வந்து சேர்ந்தார்.

நியாயமாகச் சொல்வதானால், விளையாட்டை உருவாக்கியோர் தோற்றத்தை மட்டும் விற்கத் துணிந்ததில் ஒரு நேர்மையும் இருந்தது. வலிமையை விற்றால் பணமுள்ளவன் வெல்வான். ஆட்டம் ஆட்டமாக இராது. 2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2’ விளையாட்டு வெளிவந்தபோது, வலிமை தரும் பொருட்களே பரிசுப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்ததால் பெருங்கிளர்ச்சி எழுந்தது. நிறுவனம் அந்த விற்பனையை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆகவே திறமை எல்லோருக்கும் பொது, அலங்காரம் விரும்பியவர்க்கு என்ற ஏற்பாடு அறத்துக்கு இசைந்ததாகவே தோன்றியது. யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாதவன் வாங்காமல் இருக்கலாம்.

ஆனால் கடை எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளில் ஆடையின் விலை ரூபாயில் எழுதப்பட்டிருக்காது. முதலில் ரூபாய் கொடுத்து அந்த விளையாட்டுக்கே உரிய நாணயத்தை வாங்க வேண்டும். பிறகு அந்த நாணயத்தால் ஆடையை வாங்க வேண்டும். நாணயங்கள் விற்கப்படும் கட்டுகளின் அளவும் ஆடையின் விலையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. சிறிது குறையும், மேலும் ஒரு கட்டு வாங்கினால் சிறிது மிஞ்சும். மிஞ்சியது அடுத்த ஆடைக்கு அழைக்கும். திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம், இன்னும் சில மணி நேரத்தில் இந்த ஆடை மறைந்துவிடும் என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும். ஆடையை நேராக விற்காமல், சக்கரத்தைச் சுழற்றிக் கிடைத்ததைப் பெற்றுக்கொள் என்று சொல்லும் கடைகளும் உண்டு. இம்முறை சூதாட்டத்தில் அடங்குமென்று பெல்ஜியம் 2018-இல் முடிவு செய்தது. 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையம், விளையாடுவோர் விரும்பாமலே பொத்தானை அழுத்தி வாங்கிவிடும்படி திரையை அமைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, ‘ஃபோர்ட்நைட்’ நிறுவனம் 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்க்குத் திருப்பித் தரச் செய்தது.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் துலாதாரன் என்ற வணிகனின் கதை வருகிறது. நெடுந்தவம் செய்து அகந்தை கொண்ட ஜாஜலி முனிவர், அறம் இன்னதென்று அறிய அந்த மளிகை வணிகனிடம் அனுப்பப்படுகிறார். துலாதாரனின் பெருமை அவனது தராசு எல்லோருக்கும் ஒரே வகையாக நின்றது என்பதுதான். குழந்தை வந்தாலும் அறிஞன் வந்தாலும் அதே எடை. வாங்குபவன் தான் கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்பதைத் தெளிவாகக் காணும்படி வைப்பதே வணிகனின் தவம் என்றால், நாணயத்துக்குள் ரூபாயை ஒளிக்கும் கடை அந்தத் தவத்தில் தவறிவிட்டது. இந்த அளவில் விளையாடுவோரின் கோபம் நியாயமானதே. ‘நீ ஆசையை விட்டுவிடு’ என்று உபதேசித்து இந்தக் கோபத்தை அடக்கிவிடுவது ஆன்மிகம் ஆகாது. அது பொய்த் தராசுக்குத் துணைபோவதாகும்.

சிறுவர் விஷயத்தில் இது இன்னும் கடுமையானது. 2020-இல், ஊரடங்குக் காலத்தில், பஞ்சாபைச் சேர்ந்த ஒரு சிறுவன் பெற்றோரின் வங்கிக் கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 16 லட்சம் ரூபாயை விளையாட்டுப் பொருட்களுக்குச் செலவிட்டதாகச் செய்தி வந்தது. தந்தையின் மருத்துவச் செலவுக்காகச் சேர்த்த பணம் அது. பணத்தின் அருமை தெரியட்டும் என்று தந்தை அவனை ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலைக்கு அமர்த்தினாராம். அந்தத் தந்தையை எவரும் குறை கூற மாட்டார்கள். எனினும் பையன் தேடிப் போனது பணமோ பொருளோ மட்டும்தானா என்ற கேள்வி எஞ்சுகிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்ல ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆடை வாங்குபவன் பணம் வெல்ல எண்ணுவதில்லை. சட்டம் முதன்மையாகக் குறிவைத்த நோய் ஒன்று, இது வேறு.

இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் அலுவலகம் 2019 அக்டோபரில் வெளியிட்ட ஓர் அறிக்கை இந்த நோயைத் தொட்டது. பணம் கொடுத்து வாங்காமல், விளையாட்டு இலவசமாகத் தரும் சாதாரண உருவத்தோடு ஆடும் பிள்ளைகளுக்குச் சக மாணவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ‘டிஃபால்ட்’. அது கேலிச்சொல். அப்படி அழைக்கப்படுவதற்கு அஞ்சியே பிள்ளைகள் ஆடை வாங்கக் காசு கேட்டார்கள். இயல்பாக இருப்பதே இழிவாகிவிட்டது. இயல்பு நிலையே மிக உயர்ந்த நிலை என்று பேசும் மரபு இதைவிடப் பெரிய தலைகீழ் மாற்றத்தைக் கண்டிருக்காது.

இங்கேதான் முறையீட்டின் இரண்டாவது பகுதி தொடங்குகிறது. ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாளைக் காலையில் கடைக்காரர் மனம் இரங்கி, மிக உயர்ந்த விலையுள்ள அந்த ஆடையை ஒவ்வொருவருக்கும் இலவசமாகத் தந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முறையிட்டவர் மகிழ்வாரா? முதல் நாள் மகிழ்வார். களத்தில் இறங்கி, நூறு பேரும் அதே ஆடையில் நிற்பதைக் கண்டதும் அது மறுபடியும் ‘டிஃபால்ட்’ ஆகிவிடும். வாரம் முடிவதற்குள் வேறோர் ஆடையை மனம் நாடும். ஆகவே கடை விற்றது துணியை அன்று, விலையைத்தான் விற்றது. பிறரிடம் இல்லை என்பதே அந்தப் பொருளின் முழு இழை. ‘விலை அதிகம்’ என்று வருந்துபவர், தாம் விரும்புவதற்கு அந்த விலையே காரணம் என்பதை அறியாமல் வருந்துகிறார். தள்ளுபடி இந்த வலியைத் தீர்க்காது.

ஆனால் தோற்றத்துக்காக வருந்துவதே அற்பத்தனம் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்வது எளிது. உண்மை அப்படி இல்லை. ஆடைக்கும் மனத்துக்கும் உள்ள உறவை ஸ்ரீராமகிருஷ்ணர் மிகக் கூர்மையாகக் கவனித்திருந்தார். கரை போட்ட நாகரிக வேட்டி உடுத்தியவனுக்குக் காதல் பாட்டு வாயில் வருவதையும், நோஞ்சானாக இருப்பவனும் பூட்ஸ் மாட்டிக்கொண்டதும் சீட்டியடித்தபடி படியேறுவதையும் அவர் சிரிக்கச் சிரிக்க எடுத்துக்காட்டியதுண்டு. உபாதி மனத்தை மாற்றும் என்பது அவர் கருத்து. உபாதிக்கு ஆற்றல் இல்லை என்று அவர் கூறவில்லை. ஆற்றல் உண்டு, எச்சரிக்கையாக இரு என்றே கூறினார்.

தெற்குத் திருவிதாங்கூரின் வரலாறு இன்னும் அழுத்தமான சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859-இல் அரசர் பிரகடனம் வெளியிட்டு மேலாடை அணிய அனுமதித்தார்; ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற தடை அதிலேயே இருந்தது. மானத்தை மறைக்க அனுமதி கிடைத்தது. வேறுபாட்டை அழிக்க அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பெண்களிடம் சென்று, ‘துணிதானே, ஆத்மாவுக்கு ஏது ஆடை?’ என்று ஒரு வேதாந்தி கேட்டிருந்தால் அதைவிடக் கொடிய சொல் இருந்திருக்காது. அதே மண்ணில் வாழ்ந்த ஐயா வைகுண்டர், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். சுவாமித்தோப்பில் அவர்கள் முன் வைக்கப்பட்டது கண்ணாடி. தலைப்பாகையோடு கண்ணாடிமுன் நின்றவன் தன்னையே கண்டான். அந்தத் தலைப்பாகை எல்லோருக்கும் ஒன்றே. அதன் மதிப்பு இன்னொருவனிடம் அது இல்லை என்பதில் இல்லை.

மேலாடைக்காகப் போராடியவளின் வேதனையையும் மின்னும் துப்பாக்கிக்காக ஏங்கும் இளைஞனின் வேதனையையும் ஒன்றென்று சொல்வது பாவம். முன்னது மனித மாண்பைப் பறித்ததால் எழுந்தது. பின்னது ஒரு கடையால் விதைக்கப்பட்டது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எல்லோரும் பெற்றாலும் மகிழ்ச்சி குறையாத அணி ஒன்று. எல்லோரும் பெற்றால் மதிப்பே அழிந்துவிடும் அணி மற்றொன்று. முதலாவதைக் கேட்பவன் சமத்துவத்தைக் கேட்கிறான். இரண்டாவதைக் கேட்பவன் பிறருக்கு மேலே ஓர் இடத்தைக் கேட்கிறான். அவ்விடம் கிடைக்காதபோது அநீதி என்கிறான்.

காக்கநாட்டிலிருந்து சிறிது தொலைவில் திருக்காக்கரை இருக்கிறது. நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை அதுவே. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கே எழுந்தருளியிருப்பவர் வாமன மூர்த்தி. மகாபலியின் தலையில் பெருமான் திருவடி வைத்த இடம் அதுவென்பது மலையாள நாட்டின் நம்பிக்கை. ஓணத் திருநாள் அத்தலத்தோடு பிணைந்தது. கணினி விளையாட்டில் ஆடுபவனுக்குப் பதிலாகத் திரையில் உலவும் உருவத்துக்கு ‘அவதார்’ என்று பெயர். 1980-களில் விளையாட்டு உலகம் நம் நாட்டுச் சொல்லையே எடுத்துக்கொண்டது. விளையாட்டில் அவதாரம் என்பது அணிகளைப் பூட்டிக்கொண்டே போவது. திருக்காக்கரையில் இருக்கும் அவதாரமோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வந்தது. மூவுலகுக்கும் உரியவர், குள்ளமான ஒரு பிரம்மசாரியாக, குடையும் கமண்டலமும் மட்டும் ஏந்தி வேள்விச் சாலைக்குள் நுழைகிறார். திருமகளையே மார்பில் உடையவர், விளையாட்டுப் பிள்ளைகளின் மொழியில் சொன்னால், ‘டிஃபால்ட்’ உருவத்தில் வந்து நிற்கிறார்.

பாகவதம் சொல்லும் இக்கதையில் மகாபலியின் செயலை மட்டுமே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் நடந்த உரையாடல் கவனத்துக்குரியது. மூன்றடி மண் என்றதும் மகாபலி நகைக்கிறான். தன்னிடம் கேட்டவன் மறுபடி எவரிடமும் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது. ஒரு தீவையே கேட்கலாமே என்பது அவன் வாதம். வாமனர் மறுக்கிறார். மூன்றடியில் மனநிறைவு இல்லாதவனுக்குத் தீவு கிடைத்தாலும் அடுத்த தீவின்மேல் நாட்டம் செல்லும் என்பது அவர் தந்த விடையின் சாரம். கேட்பவர் ஏழை அல்லர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இல்லாதவன் போதும் என்று சொன்னால் அதை இயலாமை என்று எவரும் தள்ளிவிடலாம். அனைத்தும் உடையவர் போதும் என்று சொல்கிறார். மகாபலி விலை கொடுத்து நிறைவை வாங்கித் தர முயல்கிறான். அது அவனிடம் விற்பனைக்கு இல்லை. மூன்றாவது அடிக்குத் தன் தலையைத் தாழ்த்தும்போதுதான் கிரீடம் இறங்குகிறது. அதன் பிறகே அவன் பெரியவனாகிறான்.

விளையாட்டின் அமைப்பிலேயே வேதாந்தம் பயில்வோருக்கு வியப்பூட்டும் ஒரு நுட்பம் உண்டு. பல போர் விளையாட்டுகளில் ஆடுபவன் தன் அவதாரின் கண்கள் வழியாகவே களத்தைப் பார்க்கிறான். அவன் திரையில் தெரிவது இரண்டு கைகளும் ஒரு துப்பாக்கியும் மட்டுமே. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய உடுப்பை அவன் ஆட்டத்தின்போது காண்பதே இல்லை! எதிரில் ஓடுபவன் காண்கிறான். அதுவும் ஒரு கணம், சுடுவதற்கு முன். பார்ப்பவன் எப்போதும் பார்க்கப்படும் பொருளாவதில்லை என்று ஞானிகள் எத்தனையோ வகையாக விளக்கியதை ஒரு கைப்பேசித் திரை இவ்வளவு எளிதாகக் காட்டிவிடுகிறது. காண்பவன் திரைக்கு இப்பால் இருக்கிறான். அவனுக்கு நிறமில்லை, உடுப்பில்லை. அவன் இல்லாவிட்டால் அவதார் ஓர் அடிகூட நகராது. ஆனால் திரையில் அவதாரைக் கேலி செய்தால் இப்பால் இருப்பவனின் முகம் சிவக்கிறது. ஒன்றின் தன்மையை மற்றொன்றின் மேல் ஏற்றிக்கொள்ளும் இதற்குச் சங்கரர் அத்யாசம் என்று பெயரிட்டார். உடலோடு கொண்ட அத்யாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். பல பிறவிகளின் பழக்கம் அது. விளையாட்டு அவதாரோடு கொண்ட அத்யாசமோ சென்ற வாரம் ஒரு கணக்குத் தொடங்கியபோது உண்டானது. தொடங்கிய நாளும் தெரியும், அது கற்பனை என்பதும் தெரியும், தெரிந்தும் சுடுகிறது. சாதகனுக்கு இதைவிடத் தெளிவான ஆய்வுக்கூடம் கிடைப்பது அரிது.

அணியின் நிலையாமையையும் இந்த உலகம் விரைவாகவே கற்றுத் தந்துவிடுகிறது. 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் இந்திய அரசு ‘பப்ஜி மொபைல்’ உள்ளிட்ட செயலிகளைத் தடை செய்தது. 2021 ஜூலையில் வேறு பெயரில் அது திரும்பி வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் அத்தனை ஆடைகளும் எங்கே இருந்தன என்று கேட்டால் விடையில்லை. 2022 பிப்ரவரியில் ‘ஃப்ரீ ஃபயர்’ தடை செய்யப்பட்டது. 2025 அக்டோபரில் ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’ விளையாட்டில் ஒரே ஒரு விதி மாறியது: அரிய கத்திகளையும் கையுறைகளையும், வேறு ஐந்து துப்பாக்கித் தோல்களைக் கொடுத்துப் பெறலாம் என்றார்கள். அரியவை அரியவை அல்லாமல் போயின. அவற்றின் சந்தை மதிப்பு ஓரிரு நாளில் நூறு கோடி டாலருக்கும் மேல் சரிந்ததாகச் செய்திகள் கூறின. கத்திகள் அதே கத்திகள்; ஒரு நிறமும் மங்கவில்லை. மேலும், ஆடுபவன் வாங்குவது பொதுவாக உடைமையே அன்று, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்று ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அந்த ஒப்பந்தங்களை முழுதும் படித்தவர் எத்தனை பேரோ!

நிலையாமையினாலேயே அலங்காரம் தவறாகிவிடாது. ஓணத்தின்போது அத்தம் நாள் தொடங்கிப் பத்து நாட்கள் காக்கநாட்டு வீடுகளின் வாசலில் பூக்கோலம் இடுகிறார்கள். அலுவலக முகப்புகளிலும், கணினிப் பணியாளர்கள் தரையில் அமர்ந்து இதழ் இதழாக அடுக்குகிறார்கள். நடுவே திருக்காக்கரையப்பனைக் களிமண்ணில் செய்து வைப்பார்கள். மாலையில் பூக்கள் வாடும். மறுநாள் துடைப்பம் அள்ளிச் செல்லும். யாரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. வாடும் என்று தெரிந்தே வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கோலம் அழகாக இருந்தால் தம் கோலத்தின் அழகு குறைந்துவிட்டதாக எண்ணுவோரும் உண்டுதான், மனித மனம் எங்கும் மனித மனமே. ஆனால் அந்தக் கோலம் வழியில் போவோர் எல்லோருக்குமாகவே வாசலில் இருக்கிறது.

2024 ஜூனில் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஃபேக்கர் என்ற பெயரால் அறியப்படும் கொரிய வீரரை, அதன் வரலாற்றிலேயே தலைசிறந்தவர் என்று நிறுவனம் கௌரவித்தது. கௌரவத்தின் அடையாளமாக, ‘ஆரி’ என்ற பாத்திரத்துக்கு ஒரு தோல் வெளியிடப்பட்டது. அதன் மிக உயர்ந்த தொகுப்பைப் பெற நானூறு டாலருக்கும் மேல் தேவைப்பட்டது. ரூபாயில் முப்பதாயிரத்தைத் தாண்டும். விளையாடுவோர் கொதித்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் ஒரு பாத்திரத்தை விலக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அதைப் பயன்படுத்தி ஆரியையே எல்லா ஆட்டங்களிலும் விலக்குவோம் என்று இயக்கம் நடத்தினார்கள். வாங்கியவன் வாங்கியதை எவருக்கும் காட்ட முடியாமல் செய்வதே அந்த எதிர்ப்பின் வழி. விற்கப்படுவது எது என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். இதில் யாவரும் கண்ட ஒரு முரண் உண்டு: யாரைக் கௌரவிக்க அந்தத் தோல் செய்யப்பட்டதோ, அந்த ஃபேக்கர் தோல் ஏதும் அணியாமல் பாத்திரத்தின் இயல்பான உருவத்திலேயே ஆடுவதற்குப் பெயர் பெற்றவர். அந்த உருவத்தை எவரும் கேலி செய்ததில்லை. எதிரே அமர்ந்தவர்கள் அவர் கைகளின் வேகத்தைக் கவனிப்பதிலேயே முனைந்திருந்தார்கள்.

ஆகவே ஒரு தாயோ தந்தையோ பிள்ளையிடம் பேசத் தொடங்கும் இடம் ‘இல்லாத சட்டை’ என்பதாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு வலித்தது சட்டை இல்லாததால் அன்று. வகுப்பில் யாரோ ஒரு சொல் சொன்னதால். அந்தச் சொல் எது, சொன்னது யார், சொன்னபோது அவன் என்ன செய்தான் என்று கேட்டால் அவன் பேசுவான். அதைக் கேட்க ஒரு மாலை நேரம் தேவை; சட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால்தான் பல வீடுகளில் சட்டை வாங்கப்படுகிறது.

தன் உழைப்பில் ஈட்டிய பணத்தில், கடன் படாமல், ஓர் அழகிய ஓவியத்தை விரும்பி வாங்கும் இளைஞனைப் பாவி என்று சொல்வதற்கு எந்த சாஸ்திரமும் இடம் தராது. அதை வரைந்தவரும் எங்கோ ஒரு கலைஞர்தாம். அவருக்கும் ஊதியம் வேண்டும். வாங்கலாமா, கூடாதா என்று ஐயுறுபவருக்கு விளையாட்டுக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. பல போர் விளையாட்டுகளில் பயிற்சிக் களம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அங்கே எதிரிகள் இல்லை, நண்பர்கள் இல்லை. மரப்பலகையால் ஆன இலக்குகள் மட்டுமே. கடிகாரம் ஓடுவதில்லை, எண்ணிக்கை ஏறுவதில்லை. வாங்க நினைக்கும் துப்பாக்கியை மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் அரைமணி நேரம் அந்தக் களத்தில் தனியே சுட்டுக்கொண்டிருக்கலாம். அதன் தீப்பிழம்பும் பொன்னிறமும் அங்கேயும் அவனுக்கு வேண்டியிருந்தால், வாங்கட்டும்.